வேலை இருக்கு, போய்ச் சேர்றதுதான் பிரச்சனை: டெட்ராய்ட்டும் வெய்ன் கவுன்ட்டியும், ஒரு நிகழ்வு ஆய்வு

மணிக்கு 15 டாலர், வாரத்துக்கு 40 மணி நேரம், வருஷத்துல 52 வாரம், ஒரு நாள் கூட சம்பளம் கட் ஆகாம வேலை பாத்தா வருஷத்துக்கு 31,200 டாலர் வரும். 2024ல அமெரிக்க அரசாங்கம் நாலு பேர் குடும்பத்துக்குப் போட்ட வறுமைக் கோடு எவ்வளவுன்னு போய்ப் பாத்தா அதுவும் 31,200 டாலர்தான். யாரும் உக்காந்து பிளான் பண்ணல, அப்படியே அமைஞ்சு போச்சு. அதே சம்பளத்துல ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைங்கன்னு மூணு பேர் மட்டும் இருந்தா கோடு 25,820க்கு இறங்கிடும், அப்ப அவங்க கணக்குப்படி ஏழையே கிடையாது, கோட்டுக்கு மேல 5,000 டாலருக்கும் கூடுதலா இருக்காங்க. ஆனா மாசக் கடைசில அவங்க வீட்டு நிலைமை வேற மாதிரி இருக்கும். அது ஏன் அப்படிங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சு வெய்ன் கவுன்ட்டியை விட நல்ல கேஸ் அமெரிக்காவுல இல்ல.

வெய்ன் கவுன்ட்டின்னா மிச்சிகன் மாநிலத்துல டெட்ராய்ட் நகரம் இருக்கிற கவுன்ட்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. மொத்தம் 43 ஊர், 34 சிட்டி, 9 டவுன்ஷிப். 2020 சென்சஸ்ல ஜனத்தொகை 17,93,561, 1970ல 26 லட்சத்துக்கு மேல இருந்துச்சு, ஒரு பெரிய நகரம் அளவு ஜனம் காணாம போயிருக்கு. டெட்ராய்ட் மட்டும் எடுத்தா 1950ல 18 லட்சத்தைத் தாண்டி இருந்தது 2020ல 6,39,111. நம்மாளுங்களுக்கு இந்த ஏரியா நல்லாவே தெரியும், ஆட்டோ கம்பெனி எஞ்சினியர், ஐடி கன்சல்டன்ட்னு வந்தவங்க கேன்டன் பக்கம் நிறைய பேர் இருக்கோம், கோயில் இருக்கு, இண்டியன் கடை இருக்கு, ஸ்கூல் நல்லா இருக்கு. கேன்டனும் வெய்ன் கவுன்ட்டிதான், அதே கவுன்ட்டி, கவுன்ட்டி கஜானாவைப் பாக்கற அதே ட்ரெஷரர் ஆபீஸ். ஆனா கேன்டன்ல மீடியன் வருமானம், அதாவது வரிசைல நடுவுல நிக்கிற குடும்பத்தோட வருமானம், வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல, டெட்ராய்ட்ல அது 40,000 கிட்டதான் சுத்திக்கிட்டிருக்கு. கவுன்ட்டி முழுக்க சராசரி எடுத்தா அஞ்சுல ஒருத்தர் வறுமைல இருக்காங்கன்னு வரும். அந்த சராசரி எந்த ஊருக்கும் பொருந்தாது, கேன்டன்ல அது ரொம்பக் கம்மி, டெட்ராய்ட்ல மூணுல ஒருத்தர், டெட்ராய்ட்டுக்கு நடுவுல தீவு மாதிரி இருக்கிற ஹாம்ட்ராமக்ல அதை விடவும் மோசம்.

நான் இங்க சொல்ல வர்றது ஒண்ணுதான். இந்த கவுன்ட்டியோட வறுமையை வேலையில்லாத் திண்டாட்டம்னு மட்டும் பாத்தா பாதிதான் புரியும். 2009 நடுவுல ஜிஎம்மும் க்ரைஸ்லரும் திவால் ஆனப்ப டெட்ராய்ட்ல வேலையில்லாதவங்க 28% வரைக்கும் போச்சு, சரி, அப்ப வேலை இல்லதான். 2023 வசந்த காலத்துல அது 5%க்கும் கீழ வந்துடுச்சு, பேப்பர்ல எல்லாம் பெருமையா போட்டாங்க. ஆனா வறுமை மூணுல ஒருத்தர்ங்கற இடத்த விட்டு பெருசா நகரவே இல்ல. வேலையில்லாதவங்க சதவீதத்துல ஒரு தந்திரம் இருக்கு, வேலை தேடறவங்களைத்தான் அதுல எண்ணுவாங்க, தேடறதையே விட்டவங்க கணக்குலயே வர மாட்டாங்க. டெட்ராய்ட்ல 16 வயசுக்கு மேல இருக்கிறவங்கள்ல வேலை பாக்கறவங்க, தேடறவங்க ரெண்டையும் சேத்தாலே பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வரும். மிச்ச பேர் எங்க? வயசானவங்க, உடம்பு முடியாதவங்க, வீட்ல பிள்ளையையோ அம்மாவையோ பாத்துக்கறவங்க, அப்புறம் வேலைக்குப் போக வண்டி இல்லாதவங்க. கடைசியா சொன்னவங்களைப் பத்திதான் இந்த ஆய்வுல பாதி.

முதல்ல ஹைலேண்ட் பார்க்

டெட்ராய்ட்டுக்குள்ளயே இன்னொரு சின்ன சிட்டி ஹைலேண்ட் பார்க், மூணு சதுர மைல் கூட இருக்காது. ஹென்றி ஃபோர்டு 1913ல நகரும் அசெம்பிளி லைனைப் போட்டது இங்கதான், 1914 ஜனவரில ஒரு நாளைக்கு 5 டாலர் சம்பளம்னு அறிவிச்சதும் இந்த ஃபேக்டரிக்குத்தான். அந்த 5 டாலர் சும்மா கிடைக்கல, பாதி சம்பளம், மீதி லாபப் பங்குன்னு பேரு, அதை வாங்கணும்னா கம்பெனி ஆளுங்க வீட்டுக்கே வந்து குடிக்கிறியா, வீட்டை சுத்தமா வெச்சிருக்கியா, காசு சேத்து வைக்கறியான்னு எல்லாம் விசாரிப்பாங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த 5 டாலரை இன்னைக்கு விலைவாசிக்கு மாத்தினா 150 டாலரைத் தாண்டும், 8 மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 19 டாலருக்கு மேல வருது. 110 வருஷம் கழிச்சு அதே கவுன்ட்டில குடோன்லயும் பார்ட்ஸ் கம்பெனிலயும் டெம்ப் ஏஜென்சி மூலமா சேர்றவங்க நிறைய பேர் அதை விடக் கம்மியா வாங்கறாங்க. இந்த ஒரு கணக்கை வெச்சுக்கிட்டு நான் ஆபீஸ்ல எத்தனையோ சாப்பாட்டு நேரத்தைக் கெடுத்திருக்கேன்.

ஹைலேண்ட் பார்க்ல 1930ல 50,000 பேருக்கு மேல இருந்தாங்க. ஃபோர்டு பெரிய ஃபேக்டரியை டியர்போர்ன் ரூஜ் ஆத்தங்கரைக்குக் கொண்டு போனாங்க, அப்புறமா க்ரைஸ்லர் தலைமை ஆபீஸ் இங்க இருந்துச்சு, அதுவும் 1990கள்ல பக்கத்து கவுன்ட்டில இருக்கிற ஆபர்ன் ஹில்ஸுக்குப் போயிடுச்சு. 2020ல மிச்சம் 9,000 பேர் கூட இல்ல. வரி கட்ட ஆள் இல்லாம சிட்டி கரண்ட் பில் பாக்கி 40 லட்சம் டாலர் கிட்ட ஏறிப்போய், 2011ல கரண்ட் கம்பெனி ஆயிரத்துக்கும் மேல தெரு விளக்கை, பல்பை மட்டும் இல்ல கம்பத்தையே பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போற ஒரு பொம்பளையை நினைச்சுப் பாருங்க, அவங்களுக்கு வேலை இருக்கு, வெளிச்சம் இல்ல.

ஹைலேண்ட் பார்க்குக்கு நடந்ததுதான் கவுன்ட்டிக்கும் நடந்தது, அளவு மட்டும் பெருசு. வேலை ஊரை விட்டு வெளிய போச்சு, வெள்ளைக்காரங்க வேலை பின்னாடியே போனாங்க, கறுப்பின மக்கள் போக முடியல. போக முடியலன்னா காசு இல்லாததால மட்டும் இல்ல, போக விடல. டெட்ராய்ட்டோட வடக்கு எல்லையான 8 மைல் ரோட்டுக்குப் பக்கத்துல அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயர கான்க்ரீட் சுவர் ஒண்ணு இன்னைக்கும் இருக்கு, 1941ல ஒரு பில்டர் கட்டினது, எதுக்குன்னா கறுப்பர்கள் குடியிருப்பு பக்கத்துல இருந்தா வீட்டுக் கடனுக்கு ஃபெடரல், அதாவது மத்திய அரசு, கேரண்டி கிடைக்காது, நடுவுல சுவர் வெச்சா கிடைக்கும். சுவர் எழுப்பினதும் வெள்ளைக்காரங்க பக்க வீடுகளுக்குக் கடன் வந்துடுச்சு. அப்புறம் ஃப்ரீவே போடறோம், நகரத்தைப் புதுப்பிக்கறோம்னு பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி ரெண்டு கறுப்பர் பேட்டையையும் கடை கண்ணியோட இடிச்சாங்க. 1967ல கலவரம், 43 பேர் செத்தாங்க. 1974ல சுப்ரீம் கோர்ட் மில்லிகன் வழக்குல டெட்ராய்ட் பிள்ளைகளையும் சபர்ப் (புறநகர்) பிள்ளைகளையும் கலந்து ஸ்கூலுக்கு அனுப்பற திட்டம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அதாவது சிட்டி எல்லையைத் தாண்டிட்டா போதும், அந்தக் கலப்புத் திட்டம் உங்க பிள்ளை ஸ்கூலுக்கு வராது. நம்மாளுங்க வீடு வாங்கறப்ப முதல்ல ஸ்கூல் ரேட்டிங் பாக்கறோம்ல, அந்த ரேட்டிங்குக்குப் பின்னாடி இந்தத் தீர்ப்பும் இருக்கு.

வேலை எங்க, ஆள் எங்க

டெட்ராய்ட் மெட்ரோ ஏரியால முக்கால்வாசி வேலைக்கு மேல டவுன்டவுன்ல இருந்து 10 மைலுக்கு அப்பால இருக்கு. அமெரிக்காவோட பெரிய மெட்ரோக்கள்ல இவ்வளவு சிதறிக் கிடக்கிறது ரொம்ப அபூர்வம். டவுன்டவுன்ல கண்ணாடி கட்டடத்துல இருக்கிற நல்ல சம்பள வேலைக்கு சபர்ப்ல இருந்து ஃப்ரீவே பிடிச்சு வந்துட்டு சாயங்காலம் திரும்பிப் போயிடறாங்க, நகரத்துல குடியிருக்கறவங்கள்ல வேலை பாக்கறவங்க பாதிக்கும் மேல எதிர்ப் பக்கமா சபர்ப்புக்குப் போறாங்க, கிச்சன், குடோன், நர்ஸிங் ஹோம், ஆபீஸ் கிளீனிங், பார்ட்ஸ் ஃபேக்டரி. காலைல ஐ-96 ஃப்ரீவேல ரெண்டு பக்கமும் டிராஃபிக் இருக்கும், ஏன்னு இப்ப புரியும்.

சரி, பஸ்? இங்கதான் எனக்குக் கோபம் வரும். டெட்ராய்ட் சிட்டிக்கு ஒரு பஸ் சர்வீஸ், அது டிடாட். சபர்ப்புக்கு தனியா இன்னொண்ணு, அது ஸ்மார்ட். ரெண்டுக்கும் சேத்து ஒரே டிக்கெட்னு வந்ததே 2019லதான். இதுல ஸ்மார்ட் ஓடறதுக்கு ஒரு சொத்து வரி கட்டணும், அதுல எங்களுக்கு வேணாம்னு ஒதுங்கிக்க ஒவ்வொரு ஊருக்கும் உரிமை குடுத்துட்டாங்க. வெய்ன் கவுன்ட்டில பல ஊர் வருஷக்கணக்கா ஒதுங்கியே இருந்துச்சு. லிவோனியா 2005ல ஓட்டுப் போட்டு வெளிய போச்சு, மெடிக்கல் ஆபீஸ், மால், குடோன்னு ஏகப்பட்ட வேலை இருக்கிற ஊர் அது. நாங்க இருக்கிற கேன்டனும் அந்த ஒதுங்கின ஊர் லிஸ்ட்லதான் இருந்துச்சு. ஸோ டெட்ராய்ட்ல இருந்து ஒருத்தர் பஸ்ல கிளம்பினா ஊர் எல்லை வரைக்கும் வந்து இறங்கி, மிச்ச மூணு மைல் பனில நடக்கணும், நடைபாதையும் பாதி இடத்துல கிடையாது. ஃபோர்டு ரோட்டுல ஜனவரி மாசம் காலைல ஓரமா யாராவது நடந்து போறதைப் பாத்திருப்பீங்க, ஜாகிங் போறவங்க இல்ல அவங்க.

2016 நவம்பர்ல வெய்னோட பக்கத்து மூணு கவுன்ட்டியும் சேந்து பஸ், ரயில் போட ஒரு வரி ஓட்டெடுப்பு வந்துச்சு. வெய்ன் கவுன்ட்டி ஆமான்னுச்சு, மகோம் கவுன்ட்டி வேணாம்னுச்சு, மொத்தத்துல சுமார் 18,000 ஓட்டு வித்தியாசத்துல தோத்துப் போச்சு. அதுக்கு அடுத்த வருஷம் வுட்வர்ட் அவென்யூல க்யூலைன்னு ஒரு ட்ராம் ஓட ஆரம்பிச்சுது, 3.3 மைல், டவுன்டவுன்ல இருந்து கிராண்ட் புலவார்ட் வரைக்கும், பாக்க அழகா இருக்கும், மேட்ச் பாக்கப் போறவங்களுக்கு வசதி. குடோன் வேலைக்குப் போறவங்களுக்கு அது எந்த உபயோகமும் இல்ல.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் ஒண்ணு இருக்கு, அதை சொல்லாம விட்டா நியாயம் இல்ல. 8 மைல், வுட்வர்ட் சந்திப்புல பழைய ஸ்டேட் ஃபேர் மைதானம், டெட்ராய்ட் எல்லைக்குள்ள, அங்க அமேசான் பெரிய குடோன் கட்டினாங்க. அது பக்கத்துலயே, பழைய மாட்டுக் கொட்டகை கட்டடம் ஒண்ணைப் புதுப்பிச்சு 2024ல சிட்டி பஸ் நிலையம் திறந்தாங்க, 2020ல கொரோனால இறந்து போன டிடாட் டிரைவர் ஜேசன் ஹார்க்ரோவ் பேரை வெச்சு. சம்பளம் பெருசா இல்ல, வேலையும் முதுகு ஒடியற வேலைதான், ஆனா பஸ்ல இறங்கி நடந்து போயிடலாம். இந்த கவுன்ட்டில அது ஒரு பெரிய விஷயம்.

வண்டி

பஸ் இல்லன்னா கார்தான். கார்னா இன்ஷூரன்ஸ். அமெரிக்காவுலயே கார் இன்ஷூரன்ஸ் அதிகமா இருந்த பெரிய நகரம் டெட்ராய்ட், வருஷத்துக்கு 5,000 டாலர்னு கொட்டேஷன் வர்றது சாதாரணம். காருக்கே 3,000 டாலர்தான் குடுத்திருப்பாங்க. காரணம் 2020 வரைக்கும் இருந்த மிச்சிகன் சட்டம், ஆக்ஸிடென்ட் ஆனா ஆயுசு முழுக்க, எவ்வளவு செலவானாலும் மருத்துவச் செலவை இன்ஷூரன்ஸ்தான் குடுக்கணும்னு எல்லாரும் கட்டாயம் அந்த கவரேஜை எடுக்கணும், வேற எந்த மாநிலத்துலயும் இப்படி இல்ல. நல்ல சட்டம்தான், அடிபட்டவங்களுக்கு. ஆனா ஆஸ்பத்திரிங்க கார் ஆக்ஸிடென்ட்னா பில்லை ஏத்திப் போட்டாங்க, இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க அந்த சுமையை ஜிப் கோடு பாத்து, க்ரெடிட் ஸ்கோர் பாத்து ஏத்துனாங்க. ஒரே ஆள், ஒரே கார், ஒரு ஆக்ஸிடென்டும் இல்ல, 8 மைல் ரோட்டைத் தாண்டி வடக்கே குடி போனா பிரீமியம் குறையும்.

அதனால என்ன ஆச்சு, நிறைய பேர் இன்ஷூரன்ஸ் இல்லாமலே ஓட்டினாங்க. மாட்டினா ஃபைன். ஃபைனோட முடியல, 2003ல மாநில அரசாங்கம் பட்ஜெட் பள்ளத்தை அடைக்க டிரைவர் பொறுப்புக் கட்டணம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டினா ஃபைனுக்கு மேல இதையும் ரெண்டு வருஷம் கட்டணும். கட்டலன்னா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் இல்லன்னா வேலைக்குப் போக முடியாது, வேலைக்குப் போகலன்னா கட்டணம் கட்ட முடியாது, அதனால லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுவாங்க, திரும்ப மாட்டுவாங்க. மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பேர் இப்படி சிக்கினாங்க, 2018ல அந்தக் கட்டணத்தை எடுத்துட்டு பாக்கியைத் தள்ளுபடி பண்ணாங்க. 15 வருஷம்! ஒரு அரசாங்கம் தன் ஜனம் வேலைக்குப் போற வழியை மறிச்சு சுங்கம் வசூல் பண்ணுச்சுன்னுதான் இதை சொல்லணும்.

2019 மே மாசம் கவர்னர் கிரெச்சன் விட்மர் கையெழுத்துப் போட்டு இன்ஷூரன்ஸ் சட்டம் மாறுச்சு, 2020 ஜூலைல இருந்து மருத்துவ கவரேஜ் எவ்வளவு வேணும்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். 2022ல ஒவ்வொரு காருக்கும் 400 டாலர் திரும்ப வேற வந்துச்சு, நமக்கும் வந்துச்சே, ஞாபகம் இருக்கும். பிரீமியம் குறைஞ்சுது, ஆனா டெட்ராய்ட்ல இன்னும் அதிகம்தான். ஜிப் கோடு பாக்கக் கூடாதுன்னு சட்டத்துல போட்டுட்டு, ஏரியா பாக்கலாம்னு விட்டுட்டாங்க, அப்புறம் எப்படி?

ஒரு வீட்டுக் கணக்கு

இப்ப முதல்ல சொன்ன அந்தக் குடும்பம், அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும், டெட்ராய்ட்ல வாடகை வீடு, மணிக்கு 15 டாலர். இது நிஜக் குடும்பம் இல்ல, நான் போட்டுப் பாத்த மாதிரிக் கணக்கு, 2024 விதிகள் வெச்சு. மாசம் 2,600 டாலர். சோஷியல் செக்யூரிட்டி (வயசான காலப் பென்ஷன்), மெடிகேர் (வயசானவங்க மருத்துவம்) பிடித்தம் சுமார் 200 போகும். டெட்ராய்ட்ல குடியிருக்கிறவங்களுக்கு சிட்டி வருமான வரி 2.4% உண்டு, வெளியூர்ல இருந்து டெட்ராய்ட்டுக்கு வேலைக்கு வர்றவங்களுக்கு அதுல பாதி, இது 60 கிட்ட. மாநில வரி ஒரு 50. கைக்கு 2,290. வாடகை 1,000, கரண்ட், கேஸ், தண்ணி 250 (குளிர்காலத்துல இது பத்தாது), கார் லோன் 300, இன்ஷூரன்ஸ் 250, பெட்ரோல் 150, ஃபோன் 50. மிச்சம் 290. அதுல மூணு பேர் சாப்பிடணும், துணிமணி, சோப்பு, பிள்ளைக்கு ஷூ. ஃபுட் ஸ்டாம்ப், அதாவது சாப்பாடு வாங்க அரசாங்கம் குடுக்கிற உதவி, கொஞ்சம் கை குடுக்கும். டயர் பஞ்சராகி ரெண்டு டயர் மாத்தணும்னா அந்த மாசம் முடிஞ்சுது. அந்தக் கணக்குல கார் மட்டும் 700 டாலர் பாருங்க, கைக்கு வர்ற காசுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வேலைக்குப் போய் வர்றதுக்கே போகுது.

வருஷத்துல ஒரு தடவை மட்டும் காசு புழங்கும், பிப்ரவரி, மார்ச், டேக்ஸ் ரீஃபண்ட் வர்றப்ப. ஈஐடிசின்னு உழைக்கிற ஏழைகளுக்கு ஃபெடரல் குடுக்கிற சலுகை இவங்களுக்கு 5,000 டாலருக்கு மேல வரும், பிள்ளைகளுக்கான சலுகை தனி, அதோட மிச்சிகன் அரசாங்கம் ஃபெடரல் தொகைல 30% சேத்துக் குடுக்குது. பல வருஷம் அது வெறும் 6%தான், 2023ல சட்டத்தை மாத்தி ஏத்தினாங்க. இந்த கவுன்ட்டில சமீபத்துல நடந்த உருப்படியான காரியம் எதுன்னு கேட்டா நான் டவுன்டவுன் கட்டடத்தை எல்லாம் காட்ட மாட்டேன், இதைத்தான் சொல்வேன். ரீஃபண்ட் வந்த வாரம் பழைய கார் விக்கிற கடை எல்லாம் டேக்ஸ் டைம் ஸ்பெஷல்னு பேனர் கட்டியிருப்பாங்க, யாருக்கு காசு எப்ப வரும்னு அவங்களுக்குத் தெரியும்.

சம்பளம் ஏறினா சரியாயிடுமேன்னு தோணும். 15ல இருந்து 17.25 ஆக்கிட்டாங்கன்னு வைங்க, வருஷத்துக்கு 4,680 கூட வரும். ஆனா ஈஐடிசி ஒவ்வொரு கூடுதல் டாலருக்கும் 21 சென்ட் குறையும், அதோட மாநிலப் பங்கும் குறையும், பிடித்தம், ஃபெடரல் வரி, மாநில வரி, சிட்டி வரி எல்லாம் சேத்தா கூடுதலா சம்பாதிச்சதுல பாதி போயிடும், ஃபுட் ஸ்டாம்ப் குறையறது இன்னும் கணக்குல சேக்கல. அதோட வருமானம் 35,880 ஆகுது, மூணு பேர் குடும்பத்துக்கு பெரியவங்களோட மெடிகெய்ட் (ஏழைகளுக்கு அரசாங்கம் குடுக்கிற மருத்துவ உதவி) வரம்பு சுமார் 35,630. பிள்ளைங்களுக்கு வரம்பு அதிகம், அவங்க தப்பிச்சுடுவாங்க, அம்மா இலவச மருத்துவத்தை விட்டு வெளிய வரணும். 250 டாலர் வித்தியாசத்துல. ஓவர்டைம் வேணாம்னு சொல்ற ஆளைப் பாத்து சோம்பேறின்னு நம்ம பார்ட்டில பேசறதை நான் கேட்டிருக்கேன், அவங்க கணக்கு நம்மள விட நல்லாவே போடறாங்க.

இன்னொரு கொடுமை, அரசாங்கம் வறுமையை எப்படி அளக்குதுன்னு பாத்தா, 1960கள்ல சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல இருந்த மாலி ஆர்ஷான்ஸ்கிங்கற பொருளாதார நிபுணர் ரொம்ப சிக்கனமான சாப்பாட்டுச் செலவை எடுத்து மூணால பெருக்கிப் போட்ட கணக்கு அது, அப்ப குடும்பங்கள் மூணுல ஒரு பங்கை சாப்பாட்டுக்குச் செலவு பண்ணாங்க. அதுக்கப்புறம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்திக்கிட்டே வர்றாங்க, அடிப்படை மாறல. அதுல டேக்ஸ் ரீஃபண்டும் வராது, ஃபுட் ஸ்டாம்பும் வராது, கார் இன்ஷூரன்ஸும் வராது. உதவியையும் பாக்காது செலவையும் பாக்காது. கேன்டன்லயும் ஹைலேண்ட் பார்க்லயும் ஒரே கோடு.

சொந்த வீடு இருந்தா?

சம்பளம் கம்மியா இருந்தாலும் அப்பா அம்மா விட்டுட்டுப் போன வீடு இருந்தா சமாளிக்கலாம். டெட்ராய்ட் ஒரு காலத்துல கறுப்பர்கள் சொந்த வீடு வெச்சிருந்ததுக்குப் பேர் போன ஊர், ஆட்டோ ஃபேக்டரி சம்பளம் அப்படி. அங்கதான் கவுன்ட்டி உள்ள வருது. மிச்சிகன்ல 1999ல போட்ட சட்டப்படி மூணு வருஷம் சொத்து வரி பாக்கி வெச்சா கவுன்ட்டி ட்ரெஷரர் வீட்டை எடுத்துக்கலாம். பாக்கி முத்தினதும் வட்டி மாசத்துக்கு 1.5%, வருஷத்துக்கு 18%, க்ரெடிட் கார்டு மாதிரி. எடுத்த வீட்டை ஏலத்துல விடுவாங்க, முதல் ரவுண்டுல போகலன்னா ரெண்டாவது ரவுண்டுல 500 டாலர்ல இருந்து ஆரம்பம்.

இதுல நாறற விஷயம் என்னன்னா வரியே தப்பு. 2008க்கு அப்புறம் டெட்ராய்ட்ல வீட்டு விலை படுத்துடுச்சு, 20,000 டாலருக்குக் கூட போகாத வீட்டுக்கு சிட்டி பழைய மதிப்புலயே வரி போட்டுக்கிட்டு இருந்துச்சு. மாநில அரசியல் சட்டம் சந்தை விலைல பாதிக்கு மேல மதிப்புப் போடக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. 2010ல இருந்து 2016 வரைக்கும் டெட்ராய்ட் வீட்டுக்காரங்ககிட்ட இப்படி 60 கோடி டாலருக்கு மேல கூடுதலா வசூல் ஆச்சுன்னு உள்ளூர் பத்திரிகையே கணக்கு போட்டு வெளியிட்டுச்சு. ஊர் முழுக்க திரும்ப மதிப்பிட்டது 2017லதான். அதுக்குள்ள பல்லாயிரக்கணக்கான வீடு ஏலத்துல போயிடுச்சு, எங்கயோ இருக்கிற முதலீட்டுக்காரங்க ஆன்லைன்ல மொத்தமா வாங்கினாங்க, அதே வீட்டுல அதே குடும்பம் வாடகைக்கு இருந்த கதையும் உண்டு. ஏழைகளுக்கு சொத்து வரி விலக்கு சட்டத்துலயே இருந்துச்சு, கேட்டு விண்ணப்பிக்கணும், வருஷா வருஷம், விண்ணப்பத்தையே சிக்கலா வெச்சிருந்தாங்க. 2018ல ஒரு வழக்குல சிட்டி சமரசத்துக்கு வந்து, தகுதி இருந்தும் விலக்கு கிடைக்காம போனவங்க சிலர் வீட்டை 1,000 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கலாம்னு ஒத்துக்கிச்சு. அந்த ஏல வட்டியும் கட்டணமும் கவுன்ட்டி பட்ஜெட்டுக்குள்ள போச்சு, 2015ல கவுன்ட்டியே நிதி நெருக்கடின்னு மாநிலத்தோட ஒப்பந்தம் போட்டப்ப அந்தக் காசு இல்லாம அவங்களுக்கு ஓடல. ஏழை வரி கட்டாத அபராதத்துல கவுன்ட்டி பிழைச்சுதுன்னு சொன்னா யாரும் மறுக்க முடியாது.

டெட்ராய்ட் சிட்டி 2013 ஜூலைல சுமார் 1,800 கோடி டாலர் கடனோட திவால் மனு போட்டதும், 2014ல தண்ணி பில் கட்டாத வீடுகளுக்கு ஆயிரக்கணக்குல கனெக்‌ஷன் வெட்டினதும், ஐநா ஆளுங்க வந்து பாத்துட்டுப் போனதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதுக்குள்ள நான் போகல. அதுக்கப்புறம் டவுன்டவுன் ஜொலிக்குது, 1988ல மூடின மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு வாங்கி 2024 ஜூன்ல திறந்தாங்க, மேக் அவென்யூல புது ஜீப் ஃபேக்டரி வந்துச்சு, டெட்ராய்ட்காரங்களுக்கு முதல்ல விண்ணப்பிக்க வாய்ப்பு குடுத்தாங்க, ஆட்டோ தொழிலாளர் யூனியனான யூஏடபிள்யூவோட 2023 ஸ்ட்ரைக் இந்த கவுன்ட்டில வெய்ன் ஊர்ல இருக்கிற ஃபோர்டு ப்ளான்ட்லயும் ஆரம்பிச்சு 25% சம்பள உயர்வுல முடிஞ்சுது, 2007ல இருந்து புது ஆளுக்கு ஒரு சம்பளம் பழைய ஆளுக்கு ஒரு சம்பளம்னு இருந்ததும் பெருமளவு போச்சு. எல்லாம் நல்லதுதான். யூனியன் வேலை கிடைச்ச குடும்பம் ஒரே வருஷத்துல வேற உலகத்துக்குப் போயிடும். ஆனா அந்த மாதிரி வேலை எண்ணிக்கைல கொஞ்சம், வண்டி இல்லாதவங்க, வீடு போனவங்க எண்ணிக்கை அதை விட பல மடங்கு.

ஏலத்துல நடந்த அநியாயத்துல ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. முன்னாடி 5,000 டாலர் பாக்கிக்கு வீட்டை எடுத்து 40,000க்கு வித்தா மிச்சம் 35,000த்தையும் கவுன்ட்டியே வெச்சுக்கும். 2020ல பக்கத்து ஓக்லண்ட் கவுன்ட்டி மேல ரஃபேலின்னு ஒருத்தர் போட்ட வழக்குல மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னுச்சு, அவர் பாக்கி வெச்சது 8 டாலர் சொச்சம், போனது வீடு. 2023ல மினசோட்டா மூதாட்டி ஒருத்தர் வழக்குல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் ஒன்பது நீதிபதியும் ஒரே குரல்ல அதையே சொன்னாங்க. இப்ப மிச்சக் காசைத் திரும்பக் கேக்கலாம். வீடு பறிபோன அந்த வருஷமே ஜூலை 1க்குள்ள, அதாவது ஏலமே நடக்கறதுக்கு முன்னாடி, நோட்டரி கையெழுத்தோட ஒரு ஃபார்ம் குடுத்து எனக்கு வேணும்னு எழுதி வெச்சிருக்கணும். தேதி போயிட்டா காசும் போச்சு, அது திரும்ப கவுன்ட்டிக்கே.